அன்னைக்கு ஏன் ஏறல

ஏறாத. கும்புட்டுக் கேக்குதேன், இன்னைக்கும் ஏறித் தொலைக்காத. இப்படி மனசுக்குள்ள படகுகிட்ட கெஞ்சிக்கிட்டேதான் எஞ்சின் கயித்த இழுக்குதேன். உலகத்துல எவனாவது தன் படகு நல்லா ஓடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுக் கயிறு இழுப்பானா? நான் இழுக்குதேன், இந்தச் செலஸ்டின், இருபத்திரெண்டு வருசமா சங்கு குளிக்கிற தொழில்ல கெடக்கிறவன், காலை எட்டு மணி வெயில்ல, திரேஸ்புரம் கரையில நாலு பேரு பாக்கும்படி. மூணாவது இழுப்புல பிடிச்சுக்கிடுச்சு. சுத்தமா, ஒரு இருமல்கூட இல்லாம. சவத்தெழவு, என்னா அழகா ஓடுது பாரு. எனக்கு முன்னால நடுப் பலகையில, இடது ஓரமா, என் தங்கச்சி மெற்றில்டா உக்காந்திருக்கா, முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு, ரெண்டு கையாலயும் பலகையப் பிடிச்சுக்கிட்டு. சங்குப் படகுல பொம்பளைய ஏத்துறது கெடையாது. ஏத்தக் கூடாதுன்னு யாரும் எழுதி வைக்கல, ஆனா எங்கப்பா காலத்துலயும் ஏத்தல, என் காலத்துலயும் ஏத்தல. நேத்து சாயந்திரம் வாசல்ல நின்னுக்கிட்டு, "நாளைக்குப் படக ஓட்டிப் பாக்கப் போறியாமே, நானும் வாரேன்"ன்னா. "நீ என்னத்துக்குட்டி இந்த வெயில்ல"ன்னேன். "அன்னைக்கு ஏன் ஏறலன்னு நானும் பாக்கணும்லா"ன்னா. அந்தக் கேள்வியக் கேக்க இந்த ஊருல அவளுக்கு இருக்கிற உரிமை வேற யாருக்கும் இல்ல.

ஏறுறதுன்னா பெரிய விசயம் ஒண்ணும் இல்ல. ஃபைபர் படகு முதல்ல தண்ணிக்குள்ளதான் போகும், வயித்த அமுக்கிக்கிட்டு, மூக்கத் தூக்கிக்கிட்டு. எஞ்சின முறுக்க முறுக்க ஒரு கட்டத்துல மூக்கு தாழ்ந்து, படகு முழுசும் தண்ணிக்கு மேல ஏறிரும். அப்புறம் சறுக்கிக்கிட்டுப் போகும், ரெண்டு மடங்கு ஓட்டம். ஏறலன்னா எஞ்சின் கெடந்து அலறும், பின்னால தண்ணி மேடா குமியும், கரை மட்டும் வரவே வராது. இருபத்தஞ்சு நாளைக்கு முன்னாடி, பதினாலு மைல் வெளிய இருந்து, இதே படகு ஏறாம வந்துச்சு. ஒரு மணி நேரத்துல வரவேண்டிய தூரம், ரெண்டே முக்கா மணி நேரம். இப்ப மெற்றில்டா கால வச்சிருக்கிற எடத்துல அவ புருசன் கஸ்பார் மல்லாக்கக் கெடந்தான். கடலடியில ரொம்ப நேரம் கெடந்துட்டு மேல வந்தா ரத்தத்துல காத்துக் குமிழி அடைச்சுக்கிடும், அதுதான் அவனுக்கு. ஆஸ்பத்திரியில டாக்டரு எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காலு தப்பிச்சிருக்கும்." பேச்சு திரும்பிருச்சு. கை திரும்பிருச்சு. இடுப்புக்குக் கீழ கிள்ளினாலும் தெரியாது. அந்த ஒரு மணி நேரத்தத் தின்னது யாரு, படகா, நானா? இதத் தெரிஞ்சுக்கத்தான் இப்ப போறோம். படகுன்னா நான் தப்பிச்சேன். அதனாலதான் கெஞ்சுதேன், ஏறாதன்னு. இப்படி ஒரு வேண்டுதல் எந்த மாதா காதுல ஏறும்னு தெரியல.

கரைய விட்டு மெதுவாத்தான் போறோம், இங்க ஆழம் கெடையாது. எங்க வீட்டுல மெற்றில்டாதான் வாயாடி, பேசுனா கோழி அடையப் போற வரைக்கும் பேசுவா, இப்ப பாரு, கடலையே வெறிச்சுக்கிட்டு. கஸ்பாருக்கு அவளக் கட்டிக்குடுத்த மறு வாரம், இதே கரையில, அவளும் பக்கத்துல நிக்கும்போதுதான் அவன் கயித்து நுனிய எங்கையில குடுத்தான். சங்கு குளிக்கிறவனுக்கு மேல இருந்து கயிறு பிடிக்கிறது மச்சான்தான், பொண்டாட்டி கூடப் பிறந்தவன்தான். கூடப் பிறந்த அண்ணன் தம்பிய நம்ப மாட்டான், பங்காளி, மனசுல என்ன இருக்கோ. மச்சான் விட மாட்டான், விட்டா அவன் தங்கச்சி தாலியல்லா போவும். கஸ்பார் சிரிச்சுக்கிட்டே, "பிடி மச்சான், இனிமே நான் ஓங் கைக்குள்ள"ன்னான். அவ வெக்கப்பட்டுக்கிட்டு மண்ணப் பாத்தா. பதினெட்டு வருசம் பிடிச்சேன். அவன் கீழ ஒரு சுண்டு சுண்டினா போதும், என்ன வேணும்னு எனக்குத் தெரியும், காத்து பத்தலையா, எடம் மாறணுமா, மேல வாரானா. என் உள்ளங்கையில அவன் பேசுவான். ஒரு நாளும் நான் தூங்கினது இல்ல, ஒரு நாளும் பீடி பத்த வைக்கக் கூடக் கயித்த விட்டது இல்ல. இத யாருகிட்ட சொல்ல. இப்ப சொன்னா, அதான் பாத்தோமேன்னுதான் கேக்குறவனுக்குத் தோணும்.

ஜெரோம் மெக்கானிக் நாலு நாளா இந்த எஞ்சின கழட்டிப் பரப்பிப் போட்டுப் பாத்துட்டான். ரெண்டு பிளக்கும் நல்லா எரியுது. எண்ணெய் வர்ற ட்யூபுல வெடிப்பு இல்ல. டேங்க் மூடியில காத்துத் திருகு திறந்துதான் இருந்துச்சு. விசிறிக்குள்ள ஒரு ரப்பர் இருக்கும், அது வழுக்கினா எஞ்சின் மட்டும் சுத்தும், விசிறி சுத்தாது. அதுதான் அதுதான்னு நான் துள்ளிக் குதிச்சேன். அவன் விசிறியக் கழட்டி, கோடு போட்டு, மாட்டி, ஓட்டி, மறுபடியும் கழட்டி, "கோடு நகரவே இல்ல அண்ணாச்சி"ன்னான். அந்தப் பயல அப்பவே அறையணும் போல இருந்துச்சு. அவன் என்ன பண்ணுவான் பாவம். அடியில பாசி சிப்பி பிடிச்சிருக்கும்னு முங்கித் தடவிப் பாத்தேன், வழவழன்னு கெடக்கு, போன மாசந்தான் சுரண்டினது. அடித்தட்டுக்குள்ள தண்ணி ஊறிக் கனத்திருக்கும்னேன். ஓரத்துல ஓட்டை போட்டுப் பாத்தான், பொடியா காஞ்சுபோன நுரைதான் வந்துச்சு. "எஞ்சின் சாய்வு மாறியிருக்கும்"னேன், ஆணி அதே துளையில இருக்கு. கடைசியில ஜெரோம் கையத் தொடச்சுக்கிட்டே, "அண்ணாச்சி, என் கண்ணுக்கு ஒரு கோளாறும் படல, கடல்ல அன்னைக்கு இருந்த கனத்தோட ஓட்டிப் பாருங்க, அதுலதான் தெரியும்"னான். அதான் மணல் மூட்டை. முங்குறவனுக்குக் காத்து அனுப்புற கம்ப்ரசர் கனத்துக்கு ரெண்டு, சங்குக்கு ஒண்ணு, தண்ணிக்கேன், கடன் வாங்கின நங்கூரம். கஸ்பார் கனத்துக்கு அவன் பொண்டாட்டி உக்காந்திருக்கா, குறையிறதுக்கு ஒரு அரை மூட்டை சேத்து வச்சேன். எல்லாம் சரியா இருக்கு, படகுல ஏதாச்சும் ஒண்ணுதான் சரியா இருக்கக் கூடாது.

அன்னைக்கு மூணு பேரு போற தொழிலுக்கு ரெண்டு பேரு போனோம், அது உண்மை, ஒத்துக்கிடுதேன். எஞ்சின் பாக்குற தஸ்நேவிசு மகளுக்குப் புதுநன்மை, கோயில்ல முதமுதலா நன்மை வாங்குற விசேசம், அவன் வரல. "ஒரு நாள் விட்டா என்னடே"ன்னு நான் சொன்னேன், "கடல் கண்ணாடியா கெடக்கு மச்சான், விடவா முடியும்"னு கஸ்பார் சொன்னான். போனோம். பத்துப் பாகம், அறுபதடி ஆழம். நாலாவது முங்குலதான் ரொம்ப நேரம் கெடந்தான், கீழ சங்கு கொட்டிக் கெடக்குன்னு சுண்டிச் சுண்டிக் காட்டுதான், நானும் ஆசைப்பட்டு விட்டேன். மேல வந்தான். ஏறி உக்காந்தான். "தோள்பட்ட உளையுதுடே"ன்னான். பீடி கேட்டான், பத்த வச்சுக் குடுத்தேன். நான் ஹோசச் சுருட்டிக்கிட்டிருந்தேன். எங்க தொழில்ல ஒரு வரிசை உண்டு, முதல்ல ஆளு, அப்புறம் காத்து ஹோசு, அப்புறம் மால். மால்னா சங்கு போடுற வலைப்பை, அது தனிக் கயித்துல கீழ கெடக்கும், ஆளு வந்து ஹோசு வந்த பெறகு சாவகாசமா இழுத்துக்கிடலாம். கண்ண மூடிக்கிட்டுக்கூடச் செய்யலாம், கை தானா செய்யும். ஹோசுல கடைசிச் சுத்து சுத்தும்போது திரும்பிப் பாக்கேன், பீடி அவன் மடியில விழுந்து கைலி கருகுது, அவன் அதையே பாத்துக்கிட்டு இருக்கான். சுட்டது அவனுக்குத் தெரியல. ஏ மாதாவே. பீடியத் தட்டி விட்டேன், எந்திரிக்கப் பாத்தான், காலு மடங்கிச்சு. அப்புறம் வாயும் கோணிக்கிச்சு. அந்தக் கருகல் வாசனை இன்னும் என் மூக்குல இருக்கு.

நங்கூரத்த எடுத்தேன். இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, எத்தனை தடவ வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன், நங்கூரத்த எடுத்துட்டுத்தான் கெளப்பினேன். அது மட்டுமா, அஞ்சு மைல் வந்தும் ஏறலன்னதும் அதே நங்கூரத்தத் தூக்கிக் கடல்ல எறிஞ்சேன். ஏறல. சங்க அள்ளி அள்ளி வீசினேன், மூணு முங்கு சங்கு, ஒண்ணு பாக்காம. ஏறல. ஹோசக் கழட்டி ஓரமா விட்டெறிஞ்சுட்டு கம்ப்ரசர உருட்டித் தள்ளினேன், தனியா, நடுமுதுகு பிடிச்சுக்கிடுச்சு. ஏறல. ஒவ்வொரு தடவ எஞ்சின் பிடிய விட்டுட்டுப் போகும்போதும் படகு இடது பக்கமாத் திரும்பிக்கிட்டே இருந்துச்சு, தொடையால முட்டுக் குடுத்து வச்சேன், இங்க பாரு, இன்னும் கன்னிப்போய்த்தான் கெடக்கு. ஏறுன்னு கத்துதேன், அசிங்க அசிங்கமா வைதேன், செபம் சொல்லுதேன், மறுபடியும் வைதேன். கஸ்பார் என்னையே பாக்கான். பேச்சு வரல. வலது கைய மட்டும் கொஞ்சம் தூக்கி, இடது ஓரத்தப் பாத்துக் காட்டினான், தண்ணிக்கேன் அங்கதான் இருந்துச்சு. தண்ணி குடுத்தேன். வாயோரமா வழிஞ்சிருச்சு. கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடியும் காட்டினான். மறுபடியும் குடுத்தேன், தலைய மடியில வச்சு, ஒத்தக் கையால எஞ்சினப் பிடிச்சுக்கிட்டு. மூணாவது தடவையும் கேட்டான், கைய எடுத்து நெஞ்சுல வச்சு, "கஷ்டப்படாத மச்சான், வந்துட்டோம்"னு மூணாவது தடவையும் குடுத்தேன். இதுல மட்டுந்தான் எனக்கு ஒரு ஆறுதல். காலக் காப்பாத்தல, சரி, நாக்கு வறண்டு கெடக்க விடலல்லா. யாரு கேட்டாலும் இதச் சொல்லுதேன், கேட்ட தடவைக்கெல்லாம் தண்ணி குடுத்தேன்னு. மெற்றில்டாகிட்டயும் சொன்னேன். அவ அன்னைக்கு ஒரு மாதிரியா பாத்துட்டு, எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

ஆழம் வந்துருச்சு. இனிமே சாக்குச் சொல்ல முடியாது. "பிடிச்சுக்கோம்மா"ன்னேன். முறுக்குதேன். மூக்கு எந்திரிக்குது, வானத்தப் பாக்குது, பின்பக்கம் அமுங்குது, இந்தா, இதே மாதிரிதான், இதே மாதிரிதான் அன்னைக்கும் இருந்துச்சு, பாத்தியா மெற்றில்டா, இப்படியேதான் நிக்கும் பாரு, எஞ்சின் மட்டும் அலறும் பாருன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. என் நெஞ்சு குளுந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். எண்ணுதேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலுல மூக்கு தாழ்ந்துச்சு. அஞ்சுல அடியில ஒரு லேசு, பாயத் தரையில இருந்து உருவின மாதிரி, எஞ்சின் சத்தம் மாறுது, காத்து மொகத்துல அடிக்குது, அவ முந்தானை அவுந்து படபடன்னு அடிக்குது. ஏறிருச்சு. பூ மாதிரி ஏறிருச்சு. அவ திரும்பி என்னப் பாத்தா. காத்துல கத்த வேண்டியிருந்துச்சு, ஆனா அவ கத்தல, உதடு அசைஞ்சது தெரிஞ்சுச்சு. "ஏறுதே"ன்னா.

நிறுத்தினேன். "இரு, மூட்டைய இன்னும் பின்னால வச்சுப் பாப்போம்"னேன். மூட்டைய இழுத்துப் பின்னால போட்டேன், முறுக்கினேன், ஏறிச்சு. கொஞ்சம் திணறி ஏறிச்சு, ஆனா ஏறிச்சு. முன்னால போட்டேன். ஏறிச்சு. அவள எந்திரிச்சு வலது பக்கம் உக்காரச் சொன்னேன். "நான் இங்கயே இருக்கேன்"னா, அந்த இடது ஓரத்த விட்டு நகரவே மாட்டேன்னுட்டா. சரின்னு என் கனத்த மாத்தி உக்காந்து பாத்தேன். ஏறிச்சு. காத்துக்கு எதிரா பாத்தேன், காத்தோட பாத்தேன். வேர்வை கண்ணுக்குள்ள எரியுது. கோட்டிக்காரன் மாதிரி கடல் நடுவுல நாலு மணல் மூட்டைய உருட்டிக்கிட்டு இருக்கேன், பாக்குறவன் என்ன நெனைப்பான். அப்போ யாரு? கை நடுங்கி முழுசா முறுக்காம விட்டேனா? முறுக்கினேன், மணிக்கட்டு ரெண்டு நாளு வீங்கிக் கெடந்துச்சு. பயத்துல சுத்து வழியா வந்தேனா? இல்ல, கரைக் கோபுரத்த நேரா வச்சுத்தான் வந்தேன். இடது பக்கமா இழுத்துச்சே, அது ஏன் இழுத்துச்சு? இப்ப பிடிய விட்டுப் பாத்தேன், படகு நேராப் போகுது, ஒரு சாண் திரும்பல. அப்ப அன்னைக்கு இடது பக்கம் என்ன இருந்துச்சு? நங்கூரம் வலது பக்கம், அதையும் எடுத்துட்டேன். எடுத்துட்டேன், எறிஞ்சுட்டேன். நெனப்பு இந்த எடத்துக்கு வரும்போதெல்லாம் நங்கூரத்துல வந்து நின்னுக்கிடும், அதுக்கு அந்தாண்ட நகராது. இருபத்தஞ்சு நாளா ராத்திரி படுத்தா இப்படித்தான்.

ஒண்ணு மட்டும் சொல்லணும், அதையாவது அவளுக்குக் காட்டணும்னு தோணிச்சு. அதோ அந்த வெள்ள மிதவை. அன்னைக்குக் கடைசி அரை மைல், அந்த மிதவையத் தாண்டினதும், படகு ஒரு உலுக்கு உலுக்கிச்சு. யாரோ அடியில கையக் குடுத்த மாதிரி. அடுத்த நொடி ஏறிருச்சு, தானா, நான் ஒண்ணுமே செய்யாம. மாதாதான். வேற யாரு? அந்த அரை மைல் பறந்து வந்தோம். ஊரு பூரா சொன்னேன், பனிமய மாதா தூக்கி விட்டான்னு. சாமியாரு பூசையில சொன்னாரு. நான் என் கையளவு மெழுகுதிரி வாங்கிக் கொண்டுபோய் ஏத்திட்டு வந்தேன். மிதவைகிட்ட போயி எஞ்சினத் தணிச்சு, "இந்தா, இங்கதான்"னேன், "இந்த எடத்துலதான் மாதா தூக்கி விட்டா. அவ மட்டும் இல்லன்னா உசுரே போயிருக்கும் மெற்றில்டா." அவ குனிஞ்சு தண்ணியப் பாத்தா. தண்ணி தெளிவா கெடக்கு, அடியில பாறை கறுப்பு கறுப்பா தெரியுது, ரெண்டு பாகந்தான் இருக்கும். "இங்கயா?"ன்னா. "இங்கதான்." "அடியில பாறையால்ல இருக்கு"ன்னா. ஆமா, பாறைதான், அதுக்கென்ன, மாதாவுக்குப் பாறையென்ன மணலென்னன்னு நெனச்சேன். அவ கால் சுருட்டி வச்சிருக்கிற எடத்துல ஹோசு சுருளு கெடந்து அவளுக்கு இடைஞ்சலா இருந்துச்சு, அன்னைக்கு நான் விட்டெறிஞ்ச எடத்துலயே கெடக்கு, யாரும் தொடல. "அந்த ஹோசத் தள்ளி வச்சுட்டுக் கால நீட்டு, மரத்துப் போயிரும்"னேன். மரத்துப் போயிரும்னு சொன்னதும் நாக்கக் கடிச்சுக்கிட்டேன். அவ அசையல. "நீ வந்து தள்ளி வை"ன்னா.

போனேன். ஹோசத் தூக்கினேன். கீழ, படகு ஓரத்துல இருக்கிற முளையில, ஒரு கயிறு கட்டியிருக்கு. நான் கட்டின முடிச்சு, என் கை முடிச்சு எனக்குத் தெரியாதா. முளையில இருந்து ரெண்டு சாண் நீளம். அதுக்கு மேல கயிறு இல்ல, நுனி பிரிபிரியா, சிக்கெடுக்காத தல மாதிரி. அது தொட்டுக்கிட்டிருக்கிற எடத்துல படகு விளிம்பு ஒரு விரல் ஆழத்துக்கு அரைபட்டிருக்கு, ஃபைபர் வெள்ள வெளேர்னு பொடியாத் தெரியுது. ரெண்டரை மணி நேரம் அரைச்சிருக்கு. ஆளு. ஹோசு. மால். ஆளு வந்தான், ஹோசு வந்துச்சு, பீடி விழுந்துச்சு. மால இழுக்கல. நாப்பது கிலோ சங்கோட ஒரு வலைப்பை, இருபது பாகக் கயித்துல, தண்ணிக்குள்ள, பதினாலு மைல். இடது பக்கம். கம்ப்ரசரத் தூக்கிப் போட்டேன், நங்கூரத்தத் தூக்கிப் போட்டேன், நானே சுருட்டின ஹோச நானே அந்த முளை மேல விட்டெறிஞ்சு மூடிட்டேன். ஒரு கத்தி போதும். கத்தியும் வேண்டாம், ஒரு இழுப்பு, முடிச்சு அவுந்திரும், என் முடிச்சு அப்படித்தான், ஒரே இழுப்புல அவுறும். ஆழம் குறைஞ்சு இந்த மிதவைப் பாறைக்கு வந்ததும் பை பாறையில மாட்டி, அரைபட்ட கயிறு அத்துக்கிடுச்சு. அந்த உலுக்கு அதுதான். மாதாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மெழுகுதிரி ஏத்தினேனே, மடையன், மெழுகுதிரி ஏத்தினேன். கயித்த வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

இப்பக்கூட சொல்லாம இருக்கலாம். அது ஒரு நொடி வந்துச்சு, மறைக்க மாட்டேன். பொம்பளைக்கு என்ன தெரியும், பழைய கயிறு, கெடந்து அத்துருச்சுன்னு சொல்லிரலாம், முளையில இருந்து அவுத்துத் தண்ணியில விட்டுரலாம், எஞ்சின்ல ஏதோ இருக்கு, ஜெரோமுக்குப் பிடிபடலன்னு சொல்லிரலாம். ஊரும் நம்பும், மாதாவும் எங்கூடத்தான் இருக்கா. கஸ்பார் தினமும், "வா மச்சான், சாப்டியா"ன்னுதான் கேக்கான், படகப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல இதுவரைக்கும். பதினெட்டு வருசம் என் உள்ளங்கையில பேசினவன். எஞ்சின் சும்மா ஓடிக்கிட்டே இருந்துச்சு, அந்தச் சத்தத்துக்கு மேல பேச எனக்குத் தெம்பு இல்ல. கைய நீட்டி நிறுத்தினேன். கடல் ஓசை மட்டுந்தான். "மெற்றில்டா"ன்னேன், "படகுல ஒண்ணும் இல்ல. நான்தான். மால எடுக்காம கெளப்பிட்டேன். வழி பூரா கட்டி இழுத்துக்கிட்டு வந்திருக்கேன். அவன் கால நான்தான் கெடுத்தேன்."

அவ அழுவா, மாரில அடிச்சுக்கிடுவா, என்னைய அடிப்பான்னு நெனச்சேன். அடிக்கட்டும்னு குனிஞ்சு உக்காந்திருந்தேன். "தெரியும்ணே"ன்னா. "பேச்சு வந்த அன்னைக்கே அவுக எங்கிட்ட சொல்லிட்டாவ. உனக்குத் தெரியவே கூடாது, தெரிஞ்சா செத்துருவான்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாவ. நான் ஊருல ஒருத்தருகிட்டயும் சொல்லல. நீயாச் சொல்லுதியான்னு பாக்கத்தான் இன்னைக்கு ஏறினேன்." அவனுக்கு எப்படித் தெரியும்? மல்லாக்கக் கெடந்தவன், பேச்சில்லாம, வெறும் வானத்தப் பாத்துக்கிட்டு... இல்ல. வானத்த இல்ல. இடது பக்கமாத்தான் தலை சாஞ்சிருந்துச்சு. முறுக்கேறி நின்ன கயிறு அவன் கண்ணுக்கு நேரா அரைஞ்சுக்கிட்டு இருந்திருக்கும். "அப்ப அன்னைக்கே ஏன் அவன்..."ன்னு ஆரம்பிச்சேன். மெற்றில்டா தண்ணிக்கேனத்தான் பாத்துக்கிட்டு இருந்தா, அன்னைக்கு இருந்த எடத்துலயே நான் கொண்டாந்து வச்சிருந்தேன், முளைக்குப் பக்கத்துல, ஒரு முழம்கூட இல்ல. ரொம்ப மெதுவாச் சொன்னா.

"அவுக தண்ணி கேக்கலண்ணே."

படகு மிதவையத் தாண்டி இழுபட்டுப் போயிருந்துச்சு. மூணு தடவ தூக்கின கை. மூணு தடவையும் பிடிச்சு நெஞ்சுல வச்சேன், கஷ்டப்படாத மச்சான்னு. அவ முந்தானைய மறுபடியும் இடுப்புல சொருகினா. வெயிலப் பாத்தா. "படகத் திருப்பு"ன்னா, அவ எப்பவும் பேசுற குரல்ல. "பத்து மணிக்கு அவுகளப் பொரட்டிப் படுக்க வைக்கணும், இல்லன்னா முதுகு புண்ணாயிரும். நான் ஒருத்தியாத் தூக்க முடியல, இடுப்பு விட்டுப் போவுது. இனிமே தினமும் நீ வந்து அந்தப் பக்கம் பிடி." தலைய ஆட்டினேன். எஞ்சின் கயித்தப் பிடிச்சேன், கை வழுக்கிச்சு, கைலியில தொடச்சுட்டு மறுபடியும் பிடிச்சேன். முதல் இழுப்புலயே கெளம்பிருச்சு. முறுக்கினேன், ஏறிருச்சு.